வெட்டியெடுத்த சட்டைப் பை

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஓர் எவர்சில்வர் டப்பா இருக்கிறது. அதில் பருப்பு போட்டதில்லை, சர்க்கரை போட்டதில்லை. அண்ணன் இறந்து காரியமெல்லாம் முடிந்த பிறகு, நான் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு காலைப் பொழுதில், பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்க வருகிற பெண்ணைக் கூப்பிட்டு, அண்ணனுடைய சட்டைகளையெல்லாம் மூட்டையாகக் கொடுத்து சித்தி வாங்கி வைத்த டப்பா அது. துணி கண்ணில் பட்டால் நான் அழுதுகொண்டே இருப்பேன் என்று சித்தி நினைத்திருக்கிறாள். நல்ல எண்ணம்தான். எனக்குத்தான் அந்த டப்பா பிடிக்கவில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, புழங்கவும் முடியவில்லை.

நான் செம்பூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். டிராயிங் டீச்சர் தாராவியிலிருந்து வருவார். பேச்சில் திருநெல்வேலி மணக்கும், அதுவும் பேசினால்தான். கணவர் இல்லாதவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எங்களில் யாருக்கும் எதுவும் தெரியாது. பிள்ளைகளுக்கு மாம்பழமும் மலையும் சூரியனும் வரையச் சொல்லிக்கொடுப்பார். மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்த கையோடு, டிராயிங் அறையின் மூலையில் தன் சொந்த வேலைக்கு உட்கார்ந்துவிடுவார். அதில் மாம்பழமும் கிடையாது, மலையும் கிடையாது.

ஒரு பிளைவுட் பலகை. அதன்மேல் ஊறவைத்து அரைத்த செய்தித்தாள் கூழ். அது காய்ந்ததும் மேலே துணித்துண்டு, தாராவிப் பட்டறைகளில் மிஞ்சுகிற தோல், உடைந்த வளையல், பொத்தான். எல்லாவற்றையும் பசை வைத்து ஒட்டி, தேயிலைத் தண்ணீரால் துடைத்துப் பழுப்பாக்கி, கோணி ஊசியால் நெடுக ஒரு தையல் போடுவார். சாந்தா குரூசிலிருந்து வருகிற ஹிந்தி டீச்சர் அவருக்கு 'பங்கார்வாலி' என்றே பெயர் வைத்திருந்தாள், பழைய சாமான் பொறுக்குகிறவள் என்று. அவரும் சிரித்துக்கொண்டு, இருந்தால் பழைய ஜிப் ஒன்று கொடுங்களேன் என்று அவளிடமே கேட்பார். பாத்திரக்காரப் பெண்கள் வாங்கிய பழைய துணியைக் கொண்டுவந்து கொட்டுகிற சந்தைக்குப் போய்க் குவியலைக் கிளறுவதும் உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சு என் மனதில் எங்கோ கிடந்திருக்க வேண்டும்.

அண்ணன் போன அடுத்த வருடம் நகரத்தில் நடக்கவிருந்த ஒரு கண்காட்சிக்கு அவருடைய படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர் படம் வெளியே போவது அதுதான் முதல் தடவை. ஸ்டாஃப் ரூமே திரண்டு டிராயிங் அறைக்குப் பார்க்கப் போனது. நான் கடைசியாகப் போனேன். படத்தின் நட்டநடுவில் ஒரு நீலச் சட்டைப் பை. பட்டறைக்காரர்கள் போடுகிற யூனிஃபார்ம் சட்டை. பையின் கீழ் மூலையில் பேனா கசிந்து, வெளுத்துப்போன மைக்கறை. தேவ்நார் பட்டறைக்கு அண்ணன் போட்டுக்கொண்டு போன சட்டை. எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்து நான் தேய்த்துத் தேய்த்துப் போகாத கறை.

"டீச்சர், இது எங்க அண்ணன் சட்டை" என்றேன்.

அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லாத் தெரியுமா டீச்சர்?"

"என் கையால துவைச்சது. எனக்குத் தெரியாதா?"

அவர் மேஜை டிராயரைத் திறந்து காகிதம் வெட்டுகிற கத்தியை எடுத்தார். வேண்டாம் என்று நான் வாயெடுப்பதற்குள் பையைச் சுற்றி நாலு பக்கமும் கீறி, தையலையும் அறுத்து, கூழோடு பெயர்த்தெடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டார். பலகையின் மரம் தெரிய நடுவில் சதுரமாக ஓர் ஓட்டை. படம் கண்காட்சிக்குப் போகவில்லை. நான் திகைத்துப்போய், நன்றிகூடச் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். அந்தப் பையை எவர்சில்வர் டப்பாவில் வைத்தேன். துணியைக் கொடுத்து வாங்கிய டப்பாவுக்குள் துணியே திரும்பி வந்ததில் எனக்கு ஒரு வெறிபிடித்த ஆறுதல். அழுகை வரும்போதெல்லாம் திறந்து, அந்தக் கறையைக் கட்டைவிரலால் தடவுவேன். பல வருடம் அப்படித்தான் ஓடியது.

போன மாதம் டிராயிங் டீச்சர் இருக்கிற கட்டிடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். முலுண்டில் வாடகைக்கு வீடு பார்த்திருந்தார். சாமான் கட்ட உதவலாம் என்று தாராவிக்குப் போனேன். அவர் வீட்டுக்குள் நான் கால் வைத்தது அன்றுதான். அவர் கயிறு வாங்கக் கீழே போயிருந்தார். மகள் மட்டும் இருந்தாள்.

சுவரில் அந்த ஓட்டை விழுந்த படம். பக்கத்திலேயே மாலை போட்ட ஒரு புகைப்படம். மீசை வைத்த ஒருவர், நீலச் சட்டை, பையின் கீழ் மூலையில் கறை.

நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு மகள் சாதாரணமாகச் சொன்னாள்: "அப்பா சட்டை ஆன்ட்டி. அந்தக் கறை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சும் போவலைன்னு அம்மா சொல்லுவா. பாக்கெட்ட படத்துல ஒட்டியிருந்தா. பிறவு என்ன நெனச்சாளோ, அவளே வெட்டி எடுத்துட்டா. கேட்டா சொல்ல மாட்டேங்கா."

கட்டி வைத்திருந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் கயிறோடு உள்ளே வந்தார், என் முகத்தைப் பார்த்தார், புகைப்படத்தைப் பார்த்தார், மகளைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றேன்.

"சொன்னா ஒங்க அண்ணன் மறுபடியும் போயிருப்பாருல்லா." கயிற்றைப் பிரித்துக்கொண்டே சொன்னார். "எனக்கு மீதிச் சட்டை இருக்கு. நீங்களே வச்சிக்கிடுங்க."

அன்று இரவே டப்பாவைத் திறந்தேன். யாரோ ஒருவருடைய சட்டைப் பையாக அது மாறியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். மாறவில்லை. கட்டைவிரல் தானாகக் கறைக்குப் போனது. இத்தனை வருடம் யாருக்காக அழுதேன் என்று எனக்கே விளங்கவில்லை. அண்ணனுக்காகத்தான். ஆனால் அந்த மீசைக்காரருடைய கறையைத் தடவி.

ஞாயிற்றுக்கிழமை முலுண்டுக்குப் போய்ப் பையை டீச்சர் கையில் வைத்தேன். வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேதான் வாங்கினார். வாங்கியதும் முகத்தில் வைத்துப் பொத்திக்கொண்டார். அவர் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

டப்பா இப்போது காலியாக இருக்கிறது. பருப்பு வாங்கி வந்தால் அதில் போடாமல், வழக்கமான பருப்பு டப்பாவிலேயே கொட்டுகிறேன்.