மெழுகுப் பல்லும் சூடான காபியும்

மெழுகில் நட்ட பல் செட்டை ஒருவர் வாயில் மாட்டி, மே மாத டில்லி வெயிலில், அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் உட்கார அனுப்பியவன் நான். பல் கட்டும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்த அளவு முட்டாள்தனம் தானாக வராது. அதற்கும் கொஞ்சம் படித்திருக்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் கரோல் பாகில் ஒரு பஞ்சாபி டாக்டரிடம் மெக்கானிக்காக இருந்தேன். முன்னறையில் அவர் அளவெடுப்பார், பின்னறையில் நான் பல் கட்டுவேன். முதலில் பல்லை ரோஸ் நிற மெழுகில் நட்டு, வாயில் வைத்துப் பார்ப்போம். அதற்கு ட்ரையல் என்று பெயர். கடி சரியாக இருந்தால் மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அக்ரிலிக் அடைத்து, வேகவைத்து, ராவி, பாலிஷ் போடுவோம். அதற்கு இரண்டு நாள் பிடிக்கும். ட்ரையல் செட்டும் பார்வைக்கு அசல் மாதிரியே இருக்கும். வம்பே அதுதான்.

சங்கரலிங்கம் அண்ணாச்சி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்த திருநெல்வேலிக்காரர், செக்ஷன் ஆபீசர். ஐம்பது வயதாவதற்குள் ஈறு வியாதியில் பல் அத்தனையும் போய்விட்டது. ட்ரையலுக்கு வந்தவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். டாக்டர் ‘அச்சா ஹை’ என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அண்ணாச்சி மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“வே, இத இப்படியே போட்டுக்கிட்டுப் போறேன்.”

“அண்ணாச்சி, இது மெழுகு.”

“இன்னிக்குச் சாயங்காலம் சண்டிகர்லேர்ந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாராக. அடுத்த வாரம்னு சொன்னவுக இன்னிக்கே வாராகளாம். போன தடவை வந்தவுக என்ன கேட்டாக தெரியுமா? ‘தாத்தா மட்டுந்தான் இருக்காகளா, அப்பா ஊர்ல இல்லியா’ன்னு கேட்டாக. அடுப்படில நின்னு எம் பொண்ணு கேட்டுக்கிட்டிருக்கா. பொறவு அவுககிட்டேர்ந்து சத்தமே இல்ல.”

அப்போது நான் மனித குலத்தின் துயரத்தைப் பற்றித் தடித்தடியான புத்தகங்கள் படித்துக்கொண்டிருந்த காலம். துயரம் நேரிலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது மறுக்க முடியவில்லை. தவிர, முழு செட் ஒன்றை நானே தனியாக அடுக்கியது அதுதான் முதல் தடவை. நாலு பேர் பார்க்கட்டுமே என்ற சபலமும் இருந்தது.

மூன்று நிபந்தனை போட்டேன். சூடாக எதுவும் கூடாது, எதையும் கடிக்கக் கூடாது, வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது. டாக்டருக்குத் தெரியாமல் ஒரு தெர்மாஸில் ஐஸ் தண்ணீரை நிரப்பி, அதில் பல்லைப் போட்டு எடுத்துக்கொண்டு அண்ணாச்சியோடு பஸ் ஏறினேன். பஸ்ஸில் இரும்புக் கம்பியைத் தொட முடியவில்லை. மெழுகு எத்தனை டிகிரியில் இளகும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். இந்த மாதிரி நேரத்தில் அறிவு ஒரு தொந்தரவு.

விஷயம் அண்ணாச்சியின் மனைவிக்கு, அதாவது மதினிக்கு, மட்டும் சொல்லப்பட்டது. விருந்தாளிகள் படியேறும் சத்தம் கேட்ட பிறகுதான் பல்லை மாட்டினோம். என்னைக் ‘குடும்ப சிநேகிதர்’ என்று சொல்லி, அண்ணாச்சிக்கு நேர் எதிரே உட்காரவைத்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா கலகலப்பானவர், அடுக்கடுக்காக ஜோக் சொன்னார். ஒவ்வொரு ஜோக்குக்கும் நான் அண்ணாச்சியின் வாயைப் பார்த்தேன். அண்ணாச்சி உதட்டை இறுக்கிக்கொண்டு மூக்கால் சிரித்தார். பஜ்ஜி வந்தது. விரதம் என்று தள்ளிவிட்டார். பெண் வந்து நமஸ்காரம் செய்துவிட்டுப் போனாள். மாப்பிள்ளைப் பையன் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் பத்து நிமிஷம் தள்ளினால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

காபி வந்தது. மதினி கெட்டிக்காரி, அண்ணாச்சிக்கு மட்டும் ஆறவைத்த காபி. ஆனால் மாப்பிள்ளையின் அப்பா அவளைவிடக் கெட்டிக்காரர்.

“என்ன சார், உங்க டம்ளர்ல ஆவியே காணோம்? வீட்டுக்காரருக்கு ஆறின காபி, எங்களுக்கு மட்டும் சூடா? நான் இன்னும் வாய் வைக்கலை, இதை எடுத்துக்குங்க.”

“வேண்டாம், வேண்டாம்” என்று சொன்னது நான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

டம்ளர்கள் கை மாறின. அண்ணாச்சி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு அண்ணாந்தார். எச்சில் படாமல் தூக்கிக் குடிக்கிற குடும்பம் அது. காபி நேராகத் தொண்டைக்குப் போய்விடும் என்று எனக்கு ஒரு நப்பாசை. ஆனால் மேல் செட்டின் மெழுகுத் தகடு அண்ணத்தை முழுக்க அடைத்துக்கொண்டிருப்பது நான் செய்த வேலை அல்லவா?

“டில்லியில இப்படித் தூக்கிக் குடிக்கிறவங்களைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு!” என்று மாப்பிள்ளையின் அம்மா சந்தோஷப்பட்டாள். அதே நேரத்தில், அண்ணாச்சியின் முன் பல் ஒன்று மெதுவாகப் பக்கத்துப் பல்மேல் சாய ஆரம்பித்தது.

“எங்களுக்குப் பரிபூரண சம்மதம். நீங்க உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

வாயைத் திறந்தால் பல் மடியில் விழும். திறக்காவிட்டால் சம்பந்தம் விழும். கதவுக்குப் பின்னால் பெண்ணின் வளையல் ஒரு தடவை அசைந்து நின்றது. அண்ணாச்சி தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அது காபிச் சூடு என்பது எனக்குத் தெரியும். தலையை மட்டும் பலமாக ஆட்டினார்.

“பொண்ணைப் பெத்தவரு, தொண்டை அடைச்சுப்போச்சு. அவரை ஒண்ணும் கேக்காதீங்க” என்று மாப்பிள்ளையின் அம்மா தன் கணவரை அதட்டினாள். அவள் கண்ணும் கலங்கியது.

அவர்கள் போனதும் துண்டை விரித்தோம். முன் பல் இரண்டு அதில் கிடந்தன. மறுநாள் டாக்டர் மெழுகைப் பார்த்தார். “மோம் தா பாயீ, மோம்!”, மெழுகப்பா அது, மெழுகு, என்று தலையில் அடித்துக்கொண்டார். பழையபடி முதலிலிருந்து அடுக்கினேன். முகூர்த்தத்துக்கு அண்ணாச்சி அசல் அக்ரிலிக்கில் சிரித்தார்.

நான் கற்றது இதுதான். ட்ரையல் செட் கிளினிக் வாசலைத் தாண்டக் கூடாது. யார் அழுதாலும் கூடாது. உங்கள் வேலையை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறபோது முக்கியமாகக் கூடாது.

கல்யாணப் பந்தியில் மதினியிடம், “அன்னிக்கு அவங்க பல்லைக் கவனிச்சாங்களா?” என்று கேட்டேன்.

“அத யாரு தம்பி பாத்தா?” என்று சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள். “எதிர்ல உக்காந்து உங்க அண்ணாச்சி வாயையே மொறைச்சுப் பாத்துக்கிட்டிருந்தீகள்லா, ‘அந்தச் சிநேகிதருக்குப் புத்தி கொஞ்சம் சரியில்லியோ’ன்னு சம்பந்தியம்மா கேட்டாக. வெவரத்த எப்படிச் சொல்ல? ஆமான்னுட்டேன்.”