தழும்பில்லாத அம்மை

குளிர் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்துவைத்து, டிரஸர் அந்தப் பக்கம் திரும்பியதும் துப்பிவிடுவதில் எங்கள் லயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நாங்கள் இருந்தது மலாயாவில், கோலா கெத்திலிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில். வெள்ளைக்காரத் துரை இருந்தவரைக்கும் வாராவாரம் ஒரு ஆள் முதுகில் தகரத்தைச் சுமந்து வந்து, கொசு முட்டையிடாதபடி கால்வாயெல்லாம் எண்ணெய் அடித்துவிட்டுப் போவார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி மாத்திரை கொடுத்து, விழுங்கினோமா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். ஜப்பான்காரன் வந்தான். துரை போனார், எண்ணெய் போனது, கொயினாவும் போனது. துப்புவதற்குக்கூட ஒரு மாத்திரை இல்லை. கொசுவுக்குத்தான் கொண்டாட்டம்!

எட்டு வயதில் எனக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. சாக்கு மேல் சாக்காகப் போட்டு மூடினாலும் பல் கிட்டிக்கொண்டு உடம்பு ஆடும். பிறகு வேர்த்துக் கொட்டும். அப்போது வீட்டுக்கு ஒருவர் அப்படித்தான் கிடந்தார்கள், அதனால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரியவர்களுக்கு இருந்த பயம் வேறு. சயாமில் ரயில் பாதை போட ஆம்பிளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முதலில் சம்பளம், அரிசி என்று ஆசை காட்டினார்கள். போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் வராமல் போகவே, யாரும் கிளம்பத் தயாராக இல்லை. அதற்குப் பிறகு லோரியைக் கொண்டுவந்து நிறுத்தி, வீடு வீடாகப் புகுந்து ஏற்ற ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போன அப்பா பாதியிலேயே திரும்பி வந்தார். லோரி பக்கத்துத் தோட்டம் வரைக்கும் வந்துவிட்டதாம். அம்மா அப்போது என் சட்டையைக் கழற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் நெஞ்சிலும் கழுத்திலும் வேர்க்குரு பொரிந்து கிடந்தது. அம்மா அதைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். சட்டென்று வெளியே ஓடி, லயமே கேட்கும்படி கத்தினாள்.

"ஐயோ, எம்புள்ளைக்குத் தாயி வந்துட்டாளே!"

எங்கள் ஆட்கள் அம்மை போட்டிருக்கிறது என்று நேராகச் சொல்லமாட்டார்கள். மாரியாத்தாளே வீட்டுக்கு வந்துவிட்டதாகத்தான் பேச்சு. அது வெறும் வேர்க்குரு என்று அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. ஆத்தா இத்தனை வீட்டை விட்டுவிட்டு என்னைத் தேடி வந்திருக்கிறாளே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட!

முதலில் ஓடிவந்தது பக்கத்து வீட்டு அத்தைதான். சொந்த அத்தை இல்லை, ஆனால் சொந்தத்துக்கு மேலே. அவருடைய மகள் என் கூட்டாளி. நாங்கள் இருவரும் ஒரே தட்டில் மரவள்ளிக்கிழங்கு தின்று வளர்ந்தவர்கள். அத்தை கோயில் பக்கம் போய் வேப்பிலை ஒடித்து வந்து, தன் கையாலேயே எங்கள் கதவில் சொருகினார்.

"நீங்க கவலப்படாதீங்க அண்ணி. முத்து எறங்குற வரைக்கும் யாரும் இந்தப் பக்கம் வராம நான் பாத்துக்கிறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வாசலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்.

அம்மா எனக்கு உடம்பெல்லாம் மஞ்சள் அரைத்துப் பூசினாள். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக்கூடாது, தலை வாரக்கூடாது, மருந்து கொடுக்கவே கூடாது. ஆத்தா கோபித்துக்கொள்வாள். அம்மாவோ கதவைச் சாத்திவிட்டு, நிலவேம்புக் கஷாயத்தை என் வாயில் ஊற்றினாள்.

"மருந்து குடிச்சா ஆத்தா கண்ணக் குத்திடுவாம்மா!" என்று நான் அழுதேன்.

"கத்தாத. குடி. ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள் அம்மா.

சும்மா சொல்லக்கூடாது, கஷாயம் வேலை செய்தது. காய்ச்சல் விட்டது. ஆனால் என்னை வெளியே விடவில்லை. என் கூட்டாளி கல்லாங்காய் ஆடும் சத்தம் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். தட்டுவேன். சத்தம் நின்றுவிடும். "தள்ளி வாடி, தொத்திக்கும்" என்று அத்தை அதட்டுவது கேட்கும். அத்தை வெந்த கிழங்கையும் இளநீரையும் வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று குரல் கொடுப்பார். என் பக்கம் யாருமே வரவில்லை. தொட்டுப் பேச ஆளில்லாமல் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது. ஒரே ஆறுதல் அப்பா. வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். எனக்காகத்தான் இருக்கிறார், என்மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன். கதை சொல்லுங்கள் என்றால் மட்டும் கையைக் காட்டி அடக்கிவிட்டு, சாலைப் பக்கமே காதை வைத்துக்கொண்டிருந்தார்.

லோரி ஒரு மத்தியானம் வந்தது. அம்மா என்னை வாசலுக்கு நேரே படுக்கவைத்து, கதவை அவளே திறந்து வைத்தாள். தோட்டத்து ஆபீஸ் கிராணியும் துப்பாக்கியோடு ஒரு ஜப்பான்காரனும் வந்து நின்றார்கள். கிராணி வேப்பிலையைக் காட்டி மலாயில் என்னவோ சொன்னார். ஜப்பான்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனான். எங்கள் வீட்டிலிருந்து ஒரு ஆள் வேண்டும் என்று வந்தவர்கள், அப்படியே நகர்ந்து அடுத்த கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டு மாமாவின் குரல் கேட்டது. அத்தை கதறியது கேட்டது. அம்மா எங்கள் கதவைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவுக்கும் அம்மை வந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

லோரி போன பிறகு எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். மூன்று தண்ணீர் ஊற்றி வேப்பிலையைக் கழற்றினால் அம்மை இறங்கியதாகக் கணக்கு. மூன்றாவது தண்ணீர் ஊற்றியதும், தலையைக்கூடத் துவட்டாமல் ஓடினேன். என் கூட்டாளி அவர்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். கல்லாங்காய் இல்லை. சும்மாதான் உட்கார்ந்திருந்தாள்.

"வாடி ஆடலாம்" என்றேன். அவள் தள்ளி உட்கார்ந்தாள்.

"இனிமே தொத்தாது லா! இங்க பாரு, ஒரு தழும்புகூட இல்ல!" என்று இரண்டு கைகளையும் நீட்டினேன்.

உள்ளேயிருந்து அத்தை வந்தார். முகம் வீங்கியிருந்தது. என் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். முழங்கை, கழுத்து, கன்னம் என்று மெதுவாகத் தடவிப் பார்த்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒருவர் என்னைத் தொடுகிறாரே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஒண்ணுமே இல்ல பாத்தீங்களா அத்த? ஆத்தாவுக்கு எம்மேல அவ்வளவு பிரியம்!"

அத்தை என் கையை விட்டார். நிமிர்ந்து எங்கள் வீட்டைப் பார்த்தார். வாசலில் நின்றிருந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

"உள்ள வாடி" என்றார் அத்தை தன் மகளிடம். கதவு சாத்திக்கொண்டது.

மாமா சயாமிலிருந்து திரும்பவேயில்லை. எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், அவர்களுக்கு அம்மை பயம் இன்னும் தெளியவில்லை என்பதுதான். சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது, இன்னொரு தடவை நன்றாகப் பார்த்தால் விளையாட விட்டுவிடுவார்கள் என்று, தினமும் காலையில் அந்த மூடிய கதவுக்கு முன்னால் போய், இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றேன்.