மாமா அப்பாவை 'ஏலே' என்று கூப்பிட்ட நாள்

என் மாமாவோடு நான் ஆறு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மாவின் தம்பியான அவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் மேஸ்திரி. அவருக்குக் கீழேதான் அப்பா உப்பு மூட்டை சுமந்தார்.

வீட்டுக்கு வந்தால் மாமாவைப் போல மரியாதை தெரிந்தவர் கிடையாது. "அத்தான், நீங்க இருங்க, நான் எடுத்துக்கிடுதேன்" என்று தண்ணீர்ச் செம்பைக்கூட அப்பாவை எடுக்கவிடமாட்டார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு நாள் அப்பா மதியச் சோற்றை மறந்து போய்விட, அம்மா தூக்குச்சட்டியைக் கொடுத்து என்னை அனுப்பினாள். உப்பு மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கி வாசலில் மாமா ஒரு அதிகாரியோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, மாலைக்குள் அனைத்து மூட்டைகளும் ஏற்றப்பட்டுவிடும்" என்றார். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அதே வாயோடு திரும்பி, மூட்டையும் முதுகுமாக வந்துகொண்டிருந்த அப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

"ஏலே! என்னலே ஆடி அசைஞ்சு வாரே? வெரசா போலே!"

அப்பா தலை நிமிராமல், "சரி மேஸ்திரி" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தூக்குச்சட்டியைத் தரையில் வைத்தேனா, போட்டேனா, நினைவில்லை.

"மாமா! எங்க அப்பாவையா ஏலேங்கிய? வீட்டுல அத்தான் அத்தான்னு பின்னாலேயே சுத்துதியளே, வெக்கமா இல்ல? நீ போலே!"

மூட்டை தூக்கியவர்களெல்லாம் அப்படியே நின்றார்கள். அதிகாரி மாமாவிடம் மெதுவாகக் கேட்டார்: "இவர் உங்கள் அத்தானா?"

அந்த இடத்தில் அப்பாவை 'இவர்' என்று சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருக்கவேண்டும்.

மேஸ்திரிகள் சொந்தக்காரர்களை வேலைக்குச் சேர்க்கக்கூடாது. தெரிந்தால் அந்தச் சொந்தக்காரரை அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள். அதனால், எல்லாரையும்போலத் தன்னையும் 'ஏலே' என்றுதான் கூப்பிடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவரே அப்பாதானாம். முதல் வாரம் மாமாவுக்கு அந்தச் சொல் வாயில் வராமல், அப்பாதான் அவரை அதட்டினாராம். இதை அம்மா எனக்குச் சொன்னபோது எனக்குப் பதினைந்து வயது. முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று அவளிடமும் சண்டை போட்டேன்.

அன்றைக்கு எனக்கு இது எதுவும் தெரியாது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. "வா, வீட்டுக்குப் போவோம்" என்றார்.

அப்பாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பில், அவர் விரலைப் பிடித்துக்கொண்டு உச்சிவெயிலில் விறைப்பாக நடந்தேன். சாயங்காலம் வரை வேலை இருக்கிறவர் இப்போதே ஏன் என்னோடு வருகிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.