வலப்பக்க இருக்கை

எனக்கு பைலட் லைசென்ஸ் கிடைத்த வருஷம்தான் விமானக் கம்பெனிகள் ஆள் எடுப்பதை நிறுத்தின. இருநூறு மணி நேரம் பறந்திருந்தேன். பெங்களூரில் ஏறி இறங்கிய அலுவலகங்களில் எல்லாம் ஒரே பதில். இன்னும் கொஞ்சம் மணி நேரம் சேர்த்துக்கொண்டு வாருங்கள். வேலை கொடுத்தால்தானே சேரும்?

அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு மாநில எல்லையில், ஜூஜுவாடியில், நெடுஞ்சாலையை ஒட்டி லாரி டயர் கடை. கடைக்கு மேலே மாடியில் வீடு. படுத்தால் கர்நாடகாவுக்குள் போகும் லாரிகளின் ஹாரன் சத்தம்தான். அதற்கும் மேலே எப்போதாவது ஒரு விமானம் போகும். எழுந்து ஜன்னலுக்குப் போவேன். சத்தம் தேயும் வரை நின்றுவிட்டு வருவேன். அம்மா பார்த்துவிட்டுத் திரும்பிப் படுப்பார்.

ஓசூருக்கு வெளியே ஒரு தனியார் ஓடுதளம் இருந்தது. வாரம் தவறாமல் இரண்டு பஸ் மாறி அங்கே போய்விடுவேன். வேலை கேட்க என்று பேர். உண்மையில் பெட்ரோல் வாசனைக்கும், என்ஜின் கிளம்பும் அந்த முதல் இருமலுக்கும்தான் போனேன்.

"இன்னிக்கும் வந்துட்டியாம்மா?" என்பார் வாட்ச்மேன். "உள்ள யாரும் ஆள் எடுக்கல."

"தெரியும்ணா. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறேன்."

அப்படி ஒருநாள் ரிப்பேர் முடிந்த சின்ன விமானம் ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஒரு பைலட் வந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். வாட்ச்மேன் என்னைக் காட்டி ஏதோ சொல்ல, அவர் கன்னடம் கலந்த தமிழில் கூப்பிட்டார்.

"ஏனம்மா, சும்மா உக்காந்து வர்றியா? ஆனா கை வெக்கக் கூடாது. இன்சூரன்ஸ்ல உன் பேரு இல்ல."

ஓடிப்போய் அத்தாவுக்கு போன் செய்தேன். "அத்தா, நான் பறக்கப்போறேன்!"

வலப்பக்கம் உட்கார்ந்தேன். பெங்களூரு வான்வெளி வடக்கே இருப்பதால் அந்தப் பக்கம் போகாமல் தெற்கே திரும்பினோம். கம்பெனிக் கூரைகள் முடிந்து ராகி வயல்கள் வந்தன. அப்புறம் அஞ்செட்டி மலைகள். காட்டோரம் நாட்றாம்பாளையம் ஒரு கைப்பிடி ஓடுகளாகத் தெரிந்தது. துணை பைலட்டுக்காக என் முன்னால் இருந்த இன்னொரு கன்ட்ரோல், அவர் திருப்பும்போதெல்லாம் தானாகத் திரும்பியது. முழங்காலில் உரசும் அளவுக்குப் பக்கத்தில். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். பசியோடு பந்தியில் உட்காரவைத்து இலை போடாதது போலிருந்தது. இறங்கும்போது கண் கலங்கிவிட்டது. வெயில் என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்தால் அத்தா கையில் கிரீஸோடு கடை வாசலிலேயே நின்றிருந்தார்.

"பாத்தேம்மா! நேரா நம்ம கடைக்கு மேலதான் போச்சு. வால்ல செவப்பா கோடு. கை காட்டினேனே, தெரிஞ்சுதா?"

நாங்கள் ஜூஜுவாடிப் பக்கமே வரவில்லை. எங்கள் விமானம் முழுக்க வெள்ளை. அவர் கை காட்டியது ஏதோ பயணிகள் விமானத்துக்கு.

"தெரிஞ்சுது அத்தா," என்றேன். டயர் கழற்ற வந்த டிரைவர்களிடம் எல்லாம் அன்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மழைக்காலம் வந்து போயிற்று. கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். "பொண்ணு பிளேன்ல சாப்பாடு குடுக்குமா?" என்று கேட்டார்கள். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதற்கு அடுத்த வாரம் அந்த பைலட்டிடமிருந்து போன்.

"ஒரிசாவில சர்வே வேலை. பூமிக்குள்ள தாது இருக்கான்னு மேலேந்து அளக்கறது. ரெண்டு பைலட் வேணும். வெயில் கொல்லும், தங்கறது டென்ட்டு. சம்பளம் சொல்லிக்கற மாதிரி இல்ல. யாரும் வரமாட்டேங்கறாங்க."

"நான் வர்றேன் சார்."

"வீட்டில கேட்டுட்டுச் சொல்லு."

கேட்டேன். அம்மா அழுதார். அத்தா கொஞ்ச நேரம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "எத்தன நாள்தான் ஜன்னல்லயே நிப்பா? போகட்டும்," என்றார் அம்மாவிடம்.

ஒரிசாவில் முதல் நாள் காலை கிளம்பி மேலே ஏறியதும், பைலட் தன் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இப்ப உன்னோடது."

பிடித்தேன். விமானம் லேசாக இடப்பக்கம் சாய, நிமிர்த்தினேன். கீழே ஒரு ஆறு, இரண்டு பக்கமும் காடு. எந்த ஊர் என்று தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.