பத்தியம் இல்லாத மருந்து

முதலில் வந்தது மாலைக் காய்ச்சல். வாவிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். இருமலில் இரத்தம் கண்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சயரோகம் (நுரையீரலைக் கிருமி அரிக்கும் நோய்) என்றார்கள். அன்றே கைக்குழந்தையாக இருந்த மகளைக் களுதாவளைக்கு, என் கணவரின் தங்கை வீட்டுக்கு அனுப்பினோம்.

ஊசியும் மாத்திரையுமாக வருடங்கள் போயின. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்ததும், மகளைக் கூட்டிவரலாமா என்று கேட்டேன்.

"கிருமி போயிட்டுது. ஆனா நீங்க எலும்பும் தோலுமா இருக்கிறீங்க. நிறை ஏறட்டும், பிறகு கூட்டி வாங்க. பத்தியம் ஒண்டும் இல்லை. மரக்கறி, முட்டை, மீன் எல்லாம் சாப்பிடுங்க" என்றார் வைத்தியர்.

வீட்டு வளவிலேயே மரக்கறி போட முடிவெடுத்தேன். நான் கதிரையில் உட்கார்ந்து இடம் காட்ட, கணவர் கந்தோர் வேலை முடிந்து வந்து கொத்தினார். மணல் தரை. மாட்டெரு போட்டு, கிணற்றடித் தண்ணீர் ஓடும் பக்கமாகக் கத்தரி, வெண்டி, பயற்றை, பூசணி வைத்தோம். ஆடு மேய்ந்தது, வேலி கட்டினோம். கோழி கிளறியது, முள் போட்டோம். அவற்றையெல்லாம் சமாளிக்கலாம். என் அக்காவைத்தான் சமாளிக்க முடியவில்லை.

எனக்குச் சமைத்தவர் அவர். கத்தரி காய்த்ததும், "கிரந்தி" (ஆறிய புண்ணைக் கிளறிவிடும் உணவு என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை) என்று அயல்வீட்டுக்குக் கொடுத்தார். வெண்டி சளியாம். பயற்றங்காய் வாய்வாம். பூசணி குளிர்ச்சியாம். என் சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் மிளகு ரசமும்தான். நான் நட்டதை ஊரே தின்றது, என் நிறை மட்டும் அசையவில்லை. மகள் அங்கே மாமியையே (என் கணவரின் தங்கையை) "அம்மா" என்று கூப்பிடுகிறாள் எனச் செய்தி வந்த அன்று, ஆத்திரத்தில் அழுதேன்.

"பத்தியம் இல்லையெண்டு டாக்குத்தர் சொன்னவர்தானே, அக்கா?"

"பத்தியம் இல்லாத மருந்தும் ஒரு மருந்தா, புள்ள? அவர் சொல்ல மறந்திருப்பார். நாமதான் பாத்து நடக்கவேணும்."

அடுத்த கிளினிக்குக்கு அக்காவையும் இழுத்துக்கொண்டு போய், நடந்ததை வைத்தியரிடம் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அக்காவைப் பார்த்துச் சொன்னார்:

"பத்தியம் இருக்கு. கத்தரி, வெண்டி, பூசணி, முட்டை. ஒரு நேரம் தவறினாலும் மருந்து பிடிக்காது."

அதன் பிறகு கொடுமை வேறு விதமாக வந்தது. போதும் என்றாலும் அக்கா விடமாட்டார். "பத்தியத்த முறிக்காத புள்ள, தின்!" என்று பக்கத்திலேயே நிற்பார். கத்தரிக்காயைக் கண்டாலே எனக்குக் குமட்டியது. இதே நோயில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: வைத்தியரிடம் போகும்போது உங்களுக்குச் சமைப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

நிறை ஏறியது. சட்டைகள் இறுகின. கண்ணாடியில் தெரிந்த கன்னங்கள் யாருடையவோ போல இருந்தன. மகளைக் கூட்டி வரலாம் என்றார் வைத்தியர்.

என் கணவரோடு பஸ்ஸில் வந்து இறங்கியவளை ஓடிப்போய்த் தூக்கினேன். மூச்சு வாங்கவில்லை. அவள்தான் நெளிந்தாள்.

"இறக்கி விடுங்க மாமி, நான் நடப்பன்."

இத்தனை காலமும் தின்று தின்று சேர்த்த தெம்பு, அவளைத் தூக்குவதற்காகத்தான். அவளோ தூக்கும் வயதைத் தாண்டி வந்திருந்தாள். இறக்கி விட்டேன். விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். அவளுக்கு ஈடாக என்னால் நடக்க முடிந்தது.