கைக்கெட்டுகிற இடத்தில் ஒரு சிவப்புச் சிலிண்டர்

அண்ணாவின் ஜீப் எரிந்தது ஈச்சிலம்பற்றுக்கு அப்பால், குளக்கட்டை ஒட்டிப் போகிற ஒரு புல்லுப் பாதையில். கச்சான் காற்று அடிக்கிற வெயில் காலம். அவர் நில அளவையாளர். அன்றைக்குத் தனியாகப் போயிருந்தார். காய்ந்த புல் வாகனத்தின் அடியில் சிக்கிச் சிக்கிச் சேர்ந்து, புகைக்குழாயின் சூட்டில் பற்றிக்கொண்டது.

தூரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர்தான் கண்டவர். செத்த வீட்டுக்கு வந்து, முற்றத்தில் நின்றபடியே சொன்னார்.

"அவர் இறங்கிட்டார். ஒரு காயமுமில்லை. பிறகுதான் திரும்பிப் போனவர்."

அதற்கு மேல் அவராலும் சொல்ல முடியவில்லை, எங்களாலும் கேட்க முடியவில்லை. மூதூரிலிருந்து திருகோணமலைக்குக் கொண்டுவருகிற வழியில் அண்ணாவின் உயிர் போயிருந்தது. ஏன் திரும்பிப் போனார் என்று ஊரில் ஆளுக்கொரு கதை. அளவைக் கருவி விலை கூடினது, அதை எடுக்கத்தான் போனவர் என்றார்கள். சில நாட்களுக்குப் பிறகு, அவரருகில் கிடந்ததை ஒரு சாக்கில் போட்டு அண்ணாவின் மனைவியான என் மச்சாளிடம் ஒப்படைத்தார்கள். உள்ளே இருந்தது கரிபிடித்த ஒரு தீயணைப்பான். ஜீப்பின் பின்பக்கத்தில் தறப்பாளுக்கும் பெட்டிகளுக்கும் அடியில் அவர் போட்டு வைத்திருந்தது. அதை இழுத்து எடுத்துவிட்டார். ஆனால் பிடியை அமர்த்த விடாமல் தடுக்கிற ஊசியை அவரால் கழற்ற முடியவில்லை. ஊசியின் வளையத்தைச் சுற்றி இறுக்கி முறுக்கிய கட்டுக்கம்பி. குலுக்கலில் கழன்று விழாமல் இருக்க அவரே கட்டியது.

மச்சாள் அந்தக் கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தா. பிறகு சாக்கை மூடினா. அதைப் பற்றி நாங்கள் இருவரும் கதைத்ததே இல்லை.

நான் அண்ணாவுக்குத் தங்கச்சி, கால்நடை வைத்தியர். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் நானும் மச்சாளும் இருக்கிற வீட்டிலிருந்து வெருகல் பக்கத்து மாட்டுப் பட்டிகளுக்கு மோட்டார் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தேன். மழைக்காலத்தில் அது ஏலாது என்று ஆனபோது, பழைய டீசல் ஜீப் ஒன்றை வாங்கினேன். வாங்கிய முதல் கிழமையிலிருந்தே எரிகிற மணம் வரத் தொடங்கியது. ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று மூக்கில் ஏறும். நிறுத்தி, இறங்கி, முழந்தாளிட்டு அடியில் பார்ப்பேன். ஒன்றும் இராது. பின்னால் வருகிறவர்கள் "என்ன டொக்டர், டயர் போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஒருநாள் வீட்டு வாசலில், எஞ்சின் ஆறிக் குளிர்ந்து நிற்கும்போதே அந்த மணம் வந்தது. அப்போதுதான் அது ஜீப்பிலிருந்து வரவில்லை என்று விளங்கியது.

மச்சாள் யன்னலால் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறா.

"நாளைக்குக் கடைக்குப் போவம்," என்றா. "நெருப்பணைக்கிற சிலிண்டர் ஒண்டு வாங்க வேணும். நானும் வாறன்."

டவுனில் இருந்த கடைக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். "வீட்டுக்கா, வாகனத்துக்கா?" என்று கேட்டார்.

"ஜீப்புக்கு," என்றேன். "புல்லுக்குள்ளயும் மணலுக்குள்ளயும் ஓடுற ஜீப்."

அவர் முதலில் எடுத்து வைத்தது, கொசுவுக்கு அடிக்கிற டின் அளவில் ஒன்று. "காருக்கு எல்லாரும் இதைத்தான் கொண்டு போறாங்க, தங்கச்சி."

மச்சாள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தா. "இது எவ்வளவு நேரத்துக்கு அடிக்கும்?"

"ரெண்டு மூச்சு விடுற நேரம்."

மச்சாள் அதை மேசையில் திருப்பி வைத்தா.

காற்று அடிக்கிற வெளியில் வாயு அடைத்தது பறந்துபோய்விடும் என்று அவரே சொன்னார். நுரை அடைத்தது பெரிது, பாரம். ஜீப்புக்குள் அதற்கு இடமில்லை. கடைசியில் தூள் அடைத்த இரண்டு கிலோ சிலிண்டரில் வந்து நின்றோம். டீசலுக்கும், வயருக்கும், சீற்றுத் துணிக்கும் அது பிடிக்கும். அதிலும் தலைப்பகுதி பிளாஸ்டிக்கில் ஒன்றும் உலோகத்தில் ஒன்றும் இருந்தன. குலுக்கலுக்கு உலோகம்தான் நிற்கும் என்று அதை எடுத்தேன். அழுத்தம் காட்டுகிற முள் பச்சையில் நிற்கிறதா, நிரப்பிய திகதி எது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது மச்சாள் கேட்டா:

"இந்த ஊசியை ஒருக்கா இழுத்துப் பாக்கலாமோ?"

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு உள்ளே போய், அடித்து முடிந்த வெறுஞ் சிலிண்டர் ஒன்றைக் கொண்டு வந்தார். "இதில இழுத்துப் பாருங்க."

மச்சாள் வளையத்துக்குள் விரலை விட்டா. இழுக்குமுன் கண்ணை இறுக்கி மூடினா. பெரிய பாரத்தை அசைக்கப் போகிறவள் மாதிரித் தோளைக் குடுத்து நின்றா. ஊசி சும்மா வந்தது. வந்த வேகத்தில் அவ ஓரடி பின்னுக்குப் போய், அலுமாரியில் முதுகு முட்டி நின்றா.

"இவ்வளவுதானோ?" என்றா.

அவ அதைக் கடைக்காரரிடம் கேட்கவில்லை. வளையம் அவ விரலிலேயே கிடந்தது. நான்தான் மெல்லக் கழற்றி மேசையில் வைத்தேன்.

சிலிண்டரை ஜீப்பில் பூட்டுகிறதற்குக் கராஜுக்குப் போனோம். கராஜ்காரர் ஜீப்பைச் சுற்றி வந்துவிட்டு, "பின் கதவில அடிச்சு விடுவம், அங்கதான் இடம் தாராளமாக் கிடக்கு," என்றார்.

"பின்னுக்கு வேண்டாம்," என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் பயந்துபோனார்.

மச்சாள் ஏறி, சாரதி இருக்கையில் இருந்தா. அவவுக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. சீட் பெல்ட்டை இழுத்துப் பூட்டினா. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினா. கதவுப் பக்கம், தலைக்கு மேல், பக்கத்துச் சீற்றின் அடி. எட்டாத இடங்களில் கை அந்தரத்தில் நின்று தடவியது. நானும் கராஜ்காரரும் பார்த்துக்கொண்டே நின்றோம். வெயில் அடித்த தகரக் கூரை சடசடத்தது. கடைசியில் குனிந்து, இருக்கைக்கு முன்னால், தொடைக்குக் கீழே இருக்கிற இரும்புச் சட்டத்தைத் தொட்டா.

"இங்க," என்றா. பிறகு இறங்கி, வெளியே நின்று, திறந்த கதவால் கையை விட்டுப் பார்த்தா. "வெளியில நிண்டாலும் எட்டுது. இங்கதான்."

கராஜ்காரர் துளை போடுமுன், டீசல் குழாயும் வயரும் எங்கே ஓடுகின்றன என்று அடியில் படுத்துப் பார்த்தார். தகட்டு ஆணி குலுக்கலில் கழன்றுவிடும் என்பதால், அகல வாஷர் வைத்து போல்ட் இறுக்கினார். இரும்புப் பட்டி, ஒரு தட்டில் திறக்கிற கொக்கி. எல்லாம் முடிந்தபிறகு, "ஊசி ஆடாமல் ஒரு கம்பி போட்டு விடட்டோ?" என்று கேட்டார். மனுசன் நல்லதுக்குத்தான் கேட்டவர்.

மச்சாள் எழுந்து வெளியே போய்விட்டா.

"வேண்டாம்," என்றேன். "கடைக்காரர் போட்ட மெல்லிசு பிளாஸ்டிக் இழை போதும். முறுக்கினால் அறுந்திடும்."

அடுத்த நாள் மணல் பாதையில் ஊசியின் வளையம் ஆடத் தொடங்கியது. டிங், டிங், டிங். பள்ளத்துக்குப் பள்ளம், கல்லுக்குக் கல். அரை மணி நேரத்தில் தலை வெடித்துவிடும் போல இருந்தது. ஜீப்பை நிறுத்திவிட்டு, மருந்துப் பெட்டிக்குள் கம்பியோ நூலோ இருக்கிறதா என்று தேடினேன். தையல் போடுகிற நூல் கையில் வந்தது. அதை வளையத்தருகே கொண்டுபோனபோதுதான் என்ன செய்யப் போகிறேன் என்று உறைத்தது. அண்ணாவும் இப்படித்தான் ஏதோவொரு பாதையில், வெயிலில், இந்தச் சத்தம் தாங்காமல் நிறுத்தியிருப்பார். நூலைப் பெட்டிக்குள் போட்டேன். சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, வளையம் முட்டுகிற இடத்தில் ஒட்டினேன். சத்தம் குறைந்தது. முற்றாக நிற்கவில்லை.

பிறகு ஒருநாள், அண்ணாவின் ஜீப் எரிந்ததைக் கண்ட அந்த மாட்டுக்காரர் போன் எடுத்தார். பசு ஒன்று கன்று போட முடியாமல் கிடக்கிறதாம். நான் வெளிக்கிட, மச்சாள் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து முன் சீற்றில் ஏறினா. எங்கே போகிறேன் என்று அவவுக்குத் தெரியும்.

கன்று உயிரோடு வந்தது. மச்சாள்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றா. கை கழுவி முடிய, அவ மாட்டுக்காரரிடம் கேட்டா: "எந்த இடம், ஐயா?"

அவர் கூட்டிக்கொண்டு போனார். பட்டியிலிருந்து கொஞ்சத் தூரம்தான். புல் மறுபடி வளர்ந்து நின்றது. அந்த இடம் என்று சொன்னால்தான் தெரியும். நான் ஜீப்பைக் கட்டாந்தரையில் விட்டுவிட்டு நடந்தேன்.

"நான் கூப்பிட்டனான், பிள்ளை," என்றார் அவர். "ஐயா விடுங்கோ, விடுங்கோ எண்டு கத்தினனான். அவர் திரும்பிப் பார்த்தவர். பார்த்து, கையைக் காட்டினவர்."

"எப்பிடி?" என்றா மச்சாள்.

அவர் உள்ளங்கையை எங்கள் பக்கம் விரித்து, மெல்லத் தாழ்த்திக் காட்டினார். பொறுங்கோ, பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு ஆள் காட்டுவாரே, அந்த மாதிரி. "அவருக்குப் பயமே இல்லை. அந்த நேரம் சின்ன நெருப்புத்தான். அணைச்சிடலாம் எண்டுதான் போனவர்."

இதை ஏன் செத்த வீட்டில் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். அழுகிற இடத்தில் அதை எப்படிச் சொல்கிறது என்றார்.

மச்சாள் அழவில்லை. அவர் தந்த தயிர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தா. மூதூர் கடந்தது, பாலங்கள் கடந்தன, துறைமுகத் தண்ணீர் வலப்பக்கம் வந்தது. வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்தியபிறகுதான் கேட்டா:

"எந்தக் கையைக் காட்டினவராம்?"

நாங்கள் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது என்றேன். அவ தலையாட்டிவிட்டு இறங்கிப் போனா.

அதற்குப் பிறகு அந்தப் பட்டிக்கு எத்தனையோ தடவை போய்விட்டேன். அந்தப் பசு மறுபடியும் கன்று போட்டுவிட்டது. மாட்டுக்காரர் முன்னால் நிற்பார், எந்தக் கை என்று நானும் கேட்க வாயெடுப்பேன். இன்னும் கேட்கவில்லை.