இரண்டரை மாவின் சிவப்பு வரி

அந்தச் சனிக்கிழமை மாடியில் இருந்தவர்கள்: முதலாளி. மேடம். மேடத்தோடு புரோகிராம் எழுதும் கும்பகோணத்துத் தம்பி. டிபன் வாங்கி வந்த நான். மேசை மேல் வகைக்கு ஒன்றாக மூன்று கம்ப்யூட்டர். அவற்றையும் மேடம் ஆள் கணக்கில்தான் வைப்பார். நடுத்திரையில் ஒரே ஒரு சிவப்பு வரி. மற்றதெல்லாம் பச்சை.

நான் எட்டாவதோடு நின்றவன். முதலாளி வீட்டு டிராக்டர் ஓட்டினேன். அவர் தஞ்சாவூரில் ஆபீஸ் போட்டதும் கூட வந்துவிட்டேன். அங்கே மேடம் செய்தது ஒரு சோதனைக் கருவி. புரோகிராமைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிடமும் ஒரு கேள்வி கேட்கும். மூன்று மெஷினிலும் ஒரே பதில் வந்தால் பச்சை. ஒன்றில் மாறினாலும் சிவப்பு. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். காலையில் மெஷினைப் போட்டு, நிறம் பார்த்துச் சொல்வது என் வேலை. ஆபீஸில் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரு கேள்வியை எழுதியவர்தான் அதை எடுத்துவிடலாம். வேறு யாரும் தொடக்கூடாது.

சிவப்பாக நின்றது மேடம் எழுதிய கேள்வி. இரண்டரையை முழு எண்ணாக்கு என்று கேட்டிருந்தார். இரண்டு மெஷின் இரண்டு என்றது. ஒன்று மூன்று என்றது.

அவர் ஏன் இரண்டரையை எடுத்தார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அவருடைய அப்பா முதலாளி வீட்டில் பண்ணையாள். விவசாயிகள் சங்கத்தில் சேர்ந்து, அடிபட்டு, ஜெயிலுக்குப் போய், நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த நிலத்தில் பங்கு வாங்கினார். சங்கத்தார் கோல் வைத்து அளந்தபோது இரண்டரை மா; எங்கள் பக்கம் மூன்று மா ஒரு ஏக்கர். பட்டாவில் இரண்டு என்று ஏறியது. அரை மா முதலாளி வீட்டு வரப்புக்குள் போனது. தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்தே அந்த மனுஷர் முடிந்துபோனார்.

திங்கட்கிழமை சென்னையிலிருந்து கருவியை வாங்க ஆள் வருவதாக இருந்தது.

"ஏம்மா, இந்த ஒண்ண எடுத்துட்டா எல்லாம் பச்சையாயிடுமே" என்றார் முதலாளி.

"கருவி சரியாத்தான் சார் சொல்லுது. எடத்துக்கு ஒரு பதில் வந்தா சிவப்புதான்."

"அரை மா கேசு இன்னுமா மேடம் நடக்குது?" என்று தம்பி சிரித்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"வர்றவன் நம்ம ஊர்க் கதையா கேக்கப்போறான்? அவன் வாங்கலேன்னா ஆபீஸ மூடணும்மா."

மேடம் திரையிலிருந்து திரும்பினார். "திங்கக்கிழமை வந்து நானே எடுத்துடுறேன் சார்."

"இப்பவே எடேன்."

"இல்லீங்க. நாளைக்கு வயலுக்குப் போயி அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுறேன்."

அப்பா இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். டிபன் ஆறிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை அந்த வரப்பில், மழைத் தண்ணீரில் மோட்டார் ஒயர் கரண்டோடு அறுந்து கிடந்திருக்கிறது. மேடம் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் கால் வைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை தம்பி கீபோர்டில் கை வைத்தான். "எடுத்துரவா சார்?"

"கைய எடுடா" என்றார் முதலாளி. அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

சென்னையிலிருந்து வந்தவர் சிவப்பைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

"எழுதினவங்க இன்னும் வரலீங்க" என்றார் முதலாளி. வந்தவர் வாங்காமலே போய்விட்டார்.

தம்பி இப்போது பெங்களூரில். முதலாளி கிடைத்த வேலையைப் பிடித்து ஆபீஸை இழுத்துக்கொண்டு போகிறார். அரை மா இன்னும் வரப்புக்கு அந்தப் பக்கம்தான். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை, நானும் கேட்டதில்லை. பழைய மெஷின் மூன்றும் மூலையில் இருக்கின்றன. தூக்கிப் போடச் சொல்லவில்லை. காலையில் சுவிட்சைப் போட்டால் கருவி தானாக ஓடும். மேடம் அப்படித்தான் வைத்துவிட்டுப் போனார். பச்சை வரிகள் ஏறிக்கொண்டே வரும். அந்த இடம் வந்ததும் மூச்சு விடுகிற நேரம் நிற்கும். யாரோ வந்து உட்காரக் காத்திருப்பது மாதிரி. நாற்காலியை நான் சற்று இழுத்து வைப்பேன். பிறகு கடைசி வரி வரும்.

சிவப்பு: 1.